பெயர் எழுதாத படம்

அருந்ததி புத்தகத்தை மேசையில் வைக்கவில்லை. மடியிலேயே வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தாள். வவுனியாவிலிருந்து இராணுவத்திடம் ஏழு நாள் பாஸ் எடுத்து வந்த பெண். அதில் மூன்று நாள் பயணத்திலும் சோதனைச் சாவடிகளிலுமே போய்விட்டது என்றாள். நான் பால் விடாமல் ஊற்றிக் கொடுத்த பிளேன்ரீ அவளுக்கு முன்னால் ஆறிக்கொண்டிருந்தது. வெளியே கொழும்பின் கொட்டாஞ்சேனை தன் பாட்டில் இரைந்தது. பஸ்காரர்கள் ஹோர்னில் வைத்த கையை எடுப்பதே இல்லை.

"நான் ஸ்ரீஸ்கந்தராசாவின்ர மனிசி. இவர் இருந்த லொட்ஜை நடத்திற பதியுதீன் நானா இதைத் தந்தவர். உங்கட புத்தகமாம். இரவல் புத்தகத்தைத் திருப்பிக் குடுக்காமல் விட்டா இவருக்கு நித்திரை வராது, ஐயா."

அது உண்மைதான். இந்தத் தேவாலயத்துக்குப் போதகராக வந்து பதினொரு வருடத்தில் என்னிடம் புத்தகம் வாங்கிப் போனவர்களில், சொன்ன நாளில் திருப்பித் தந்த ஒரே ஆள் அவர். கணித மாஸ்டர். கனடா விசா அலுவலாக வந்து நாலு மாதம் அந்த லொட்ஜில் கிடந்தார். நெற்றியில் திருநீற்றோடுதான் போதகர் வீட்டுக்கு வருவார். வந்தால் அலுமாரிக்கு முன்னால் சப்பாணி கட்டி உட்கார்ந்துவிடுவார். "ஐயா, அஞ்சு அப்பத்தை ஐயாயிரம் பேருக்குப் பிரிச்சா மீதி பன்னிரண்டு கூடை எப்பிடி வரும்? உங்கட ஆண்டவர் கணக்கில வலு வீக்" என்று என்னைச் சீண்டுவார். என் சபையாரில் ஒருவரும் அந்தப் பகுதியை அவ்வளவு கவனமாக வாசித்ததில்லை. அவர் வரும் பின்னேரங்களுக்காக நான் காத்திருந்தேன். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு என்னோடு எதிர்த்துக் கதைத்த ஒரே ஆள் அவர்தான்.

"ஒரு படத்தாலதான் இவரைப் பொலிஸ்காரர் பிடிச்சவங்களாம்" என்றாள் அருந்ததி. "புத்தகத்துக்குள்ள துறைமுகப் படமொண்டு வைச்சிருந்தவராம். எனக்கு விளங்கேல்லை. இவருக்குப் படம் கீற வராது. கரும்பலகையில வட்டம் கீறினாலும் முட்டை மாதிரித்தான் வரும், பிள்ளையள் சிரிக்குங்கள். அது என்ன படம், ஐயா? உங்களுக்கு ஏதும் தெரியுமோ?"

எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

புத்தகத்தின் பக்க மூலையை மடிப்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதனால் கைக்கு எட்டும் எந்தக் காகிதத்தையும் அடையாளத்துக்குச் செருகுவேன்: லோண்டரித் துண்டு, திருமண அழைப்பிதழ், எதுவானாலும். மாஸ்டர் இரவல் கேட்ட புத்தகத்துக்குக் கையில் அகப்பட்டது ஞாயிறு பாடசாலைப் பரீட்சைக்கு நான் கீறிய படம். அப்போஸ்தலன் பவுல் ஊழியத்துக்குப் போன பயணங்கள். கரையோரம், தீவுகள், துறைமுகங்கள், கப்பல் போன வழிக்கு அம்புக்குறிகள், அவர் அடிபட்ட இடங்களில் சிவப்புப் பென்சிலால் சிறு சிலுவைகள். இடப்பெயர் ஒன்றுமில்லை. பெயர்களைப் பிள்ளைகள் நிரப்ப வேண்டும், அதுதான் கேள்வி. வேண்டுமென்றே தெற்கை மேலே வைத்துக் கீறியிருந்தேன், பார்த்து எழுதும் கள்ளர்களை மடக்க. என்ன கெட்டித்தனம்! மத்திய வங்கிக் குண்டு வெடித்து ஒரு மாதம்கூட ஆகாத கொழும்பில், துறைமுகத்துக்குக் கூப்பிடு தூரத்தில், ஒரு தமிழனின் தலையணைக்குப் பக்கத்தில் அந்தப் படத்தை வைத்தவன் நான்.

செவ்வாய்க்கிழமை காலை லொட்ஜில் சுற்றிவளைப்பு. ஏழரை மணிக்குப் பதியுதீன் மூச்சு வாங்க வாசலில் நின்றார். "ஐயா, ஒங்கட மாஸ்டரப் புடிச்சிட்டுப் போய்ட்டானுகள். பொத்தகத்துக்குள்ள ஒரு மெப் இருந்திச்சி. அவரு ஒங்கட பேரச் சொல்லவே இல்ல, தெரியாது தெரியாதுண்டுதான் சொன்னாரு. நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னா வுட்டுருவானுகள்."

அங்கி மாற்றிக்கொண்டு வருகிறேன் என்றேன். மாற்றவும் செய்தேன். கண்ணாடிக்கு முன்னால் கடைசிப் பொத்தானைப் போடும்போது சபைப் பொருளாளர் வலன்ரைன் வந்துவிட்டார். "போதகர், அவசரப்படாதேங்கோ. உங்கட கை கீறின படமெண்டா உங்களையும் பிடிச்சு வைப்பாங்கள். பிறகு கோயிலை ஆர் பாக்கிறது? புதுக்கடைக் கோர்ட்டடியில ஒரு லோயரைக் கேட்டிட்டுப் போவம்." நல்ல மனுசன், அக்கறையாகத்தான் சொன்னார். குற்றம் அவரில் இல்லை. அவர் சொல்லி முடிக்க முன்னமே என் விரல்கள் பொத்தானைக் கழற்றத் தொடங்கிவிட்டன.

லோயர் அன்று கோர்ட்டில். மறுநாள் பின்னேரம் வரச் சொன்னார். மறுநாள் பின்னேரம் மழை. மழைக்குப் போகாமல் இருந்தவன் என்று யாரும் நம்புவார்களா? எனக்குப் பயம். அவ்வளவுதான். அந்த இரண்டு நாளும் ஞாயிறுப் பிரசங்கத்துக்குக் குறிப்பெடுத்தேன். ஆறு பக்கம் எழுதினேன், வெட்கங்கெட்ட கை. பேதுரு தன் ஆண்டவரைத் தெரியாது என்றபோது கூவியதுபோலச் சேவல் ஏதும் கூவவில்லை. கொட்டாஞ்சேனையில் எங்கே சேவல்?

வியாழக்கிழமை பொலிஸ் நிலையத்துக்குத் தனியாகவே போனேன். பொலிஸ் அதிகாரி மரியாதையாகக் கதிரை காட்டினார். "ஈயே ஹிட்டியா, ஃபாதர். தங் நே" என்றார். நேற்று இருந்தாராம், இப்போது இல்லையாம். எங்கே என்று கேட்டதற்குத் தோளைக் குலுக்கினார். என் அரைகுறைச் சிங்களத்தில் படத்தைப் பற்றி எல்லாம் விளக்கினேன். நான் கீறியது, பரீட்சைக்குக் கீறியது, இரண்டாயிரம் வருடத்துக்கு முந்திய கடல் என்று. பொறுமையாகக் கேட்டார். ஒரு சொல்லும் எழுதிக்கொள்ளவில்லை. "அப்படியென்றால் ஏன் பெயர் எழுதவில்லை?" என்று மட்டும் கேட்டார். அதன் பிறகு மூன்று கிழமையாகிறது. செஞ்சிலுவைக்காரருக்கும் எழுதிவிட்டேன். ஒரு பதிவிலும் அந்தப் பெயர் இல்லை.

"படம் என்ர, பிள்ளை" என்றேன். "நான் கீறினது. புத்தகத்துக்குள்ள நான்தான் வைச்சனான். அவருக்கு ஒண்டும் தெரியாது."

அவளுடைய முகம் மலர்ந்ததே, அதை நான் சாகும்வரை மறக்கப் போவதில்லை. "அப்ப சரி! கடவுளே! அப்ப நீங்கள் போய்ச் சொன்னா விட்டிடுவாங்கள்தானே, ஐயா? உங்கட சொல்லைக் கேப்பாங்கள்தானே?"

"போனனான், பிள்ளை."

"எப்ப?"

'உடனே' என்று ஒரு சொல் இருக்கிறது. நாக்கின் நுனியில் வந்து நின்றது. பதியுதீன் என்னைக் காட்டிக்கொடுக்கிற ஆளில்லை. வலன்ரைனும் வாய் திறக்கமாட்டார். முப்பது வருடமாகப் பிரசங்க பீடத்தில் ஏறி நின்று உண்மையைப் பற்றிப் பேசியவனுக்கு அந்த ஒரு சொல்லை விழுங்க எவ்வளவு நேரம் பிடித்தது!

"வியாழக்கிழமை" என்றேன்.

அவள் விரல் மடித்து எண்ணினாள். செவ்வாய், புதன், வியாழன். "புதன் மத்தியானம் நானா கொண்டுபோன சோத்துப் பார்சலை உள்ளுக்கு வாங்கினவங்களாம்" என்றாள், யாருக்கோ கணக்கு ஒப்புவிப்பதுபோல. "புதன் மத்தியானம் இருந்திருக்கிறார்."

"ஓம்" என்றேன்.

"நான் பயந்திட்டன், பிள்ளை" என்றும் சொன்னேன். அவள் தலையாட்டினாள். மண்ணள்ளித் தூற்றியிருந்தால், அந்தத் தேநீரை முகத்தில் எறிந்திருந்தால் எனக்கு மூச்சு வந்திருக்கும். அவள் ஆறிப்போன தேநீரை எடுத்து ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். கோப்பையைத் தட்டில் சத்தம் வராமல் வைத்தாள். பிறகு முதன்முறையாகப் புத்தகத்தை மேசைக்கு மாற்றி, என் பக்கம் தள்ளினாள்.

"அந்தப் படத்தைத் திரும்பக் கீறித் தாங்கோ. எல்லா இடத்துக்கும் பெயர் போட்டு. சிங்களத்திலயும் போடுங்கோ. என்ர பாஸ் முடிய இன்னும் நாலு நாள் கிடக்கு. நான் கொண்டுபோய்க் காட்டுறன்."

யாரிடம் காட்டுவாள்? ஒன்றுக்கும் உதவாது என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? காகிதம் எடுத்தேன். மின்விசிறிக்கு அது பறக்கப் பார்க்க, அவள் எழுந்து வந்து இரண்டு மூலையையும் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டாள். கரையைக் கீறினேன். தீவுகளைக் கீறினேன், பழையபடி சிவப்புச் சிலுவைகளையும் போட்டேன். அந்தியோகியா, சீப்புரு, எபேசு, கொரிந்து என்று ஒவ்வொன்றுக்கும் தமிழில் எழுதி, ஆங்கிலத்தில் எழுதி, பாலர் வகுப்புப் பிள்ளையின் எழுத்துப்போலச் சிங்களத்திலும் எழுதினேன். அவள் ஒவ்வொரு பெயரையும் மெல்ல வாசித்துச் சரிபார்த்தாள்.

"இந்தச் சிவப்புப் புள்ளடியள்?"

"அவர் அடிபட்ட இடங்கள்."

கப்பல் உடைந்த தீவுக்குப் பெயர் போட்டேன். கடைசிக் கோட்டை உரோமாபுரியில் கொண்டுபோய் நிறுத்தினேன். அங்கே அவரைக் காவலில் வைத்தார்கள், அவர் திரும்பி வரவில்லை. அதற்கப்பால் எந்தப் பிள்ளைக்கும் நான் கோடு கற்பித்ததில்லை.

அருந்ததி மூலையிலிருந்து ஒரு கையை எடுத்தாள். நகத்தில் மஞ்சள் படிந்த சுட்டுவிரலைக் கோடு முடிந்த இடத்தில் வைத்தாள். காகிதத்தின் அந்தப் பக்கம் படபடவென்று அடித்துக்கொண்டது.

"இதில இருந்து வீட்ட வந்தவரோ, ஐயா?"

நான் சிவப்புப் பென்சிலைக் கீழே வைத்தேன். கறுத்தப் பென்சிலை எடுத்தேன். எந்தப் பரீட்சையிலும் நானே பிழையென்று புள்ளடி போடக்கூடிய ஒரு கோட்டை, அவளுடைய விரல் நுனியிலிருந்து கிழக்கே, கடலுக்குக் குறுக்காக, மெல்ல மெல்லக் கீறத் தொடங்கினேன்.