ஆட்சேபம் இல்லை

எழுபத்தெட்டாம் ஆண்டில் நான் ஏறி இறங்காத விசாரணை இல்லை. அணைக்கட்டு விசாரணை, ஈயம் தோண்டிய பழைய குட்டைகளை என்ன செய்வது என்ற விசாரணை, மின்கம்பி போகும் பாதைக்கு ஒரு விசாரணை. காட்டையும் ஆற்றையும் அரசாங்க நிலத்தையும் பற்றி மக்களிடம் கேட்டுக்கொண்டு வாருங்கள் என்று சட்டமன்றத்தில் ஒரு குழு போட்டிருந்தார்கள். குழுவும் ஊர் ஊராகப் போனது. எங்கே போனாலும் மேசை மேல் ஒரு பூச்சாடி, ஓயாமல் கீச்சிடும் ஒரு மின்விசிறி, முடிந்ததும் மீஹூனும் கோப்பியும். மக்கள் பேசுவார்கள். குழு தலையாட்டும். பிறகு எது நடக்க வேண்டும் என்று ஏற்கெனவே முடிவாகியிருக்கிறதோ அது நடக்கும்.

ஈப்போவில் ஒரு சின்னத் தொழிலாளர் சங்கத்தில் நான் எழுத்துவேலை பார்க்கும் கிராணி. ஆம்புரோஸ் என்று பெயர். மலாய் தெரியும் என்பதால் மொழிபெயர்ப்பதும் என் தலையில்தான் விழுந்தது. அடுத்தவர் கவலையை அடுத்தவர் மொழியில் சொல்லிச் சொல்லி எனக்கு நாக்கு மரத்துப் போயிருந்தது.

ஆற்றங்கரைத் தோட்டத்து விசாரணைக்கு மட்டும் நான் போகவில்லை. குழு இரண்டாகப் பிரிந்து அதே நாளில் காம்பாரிலும் உட்கார்ந்தது. சங்கம் என்னைக் காம்பாருக்கு அனுப்பியது. ஆற்றங்கரைக்கு ஆள் வேண்டாமா என்று கேட்டதற்கு, "அங்கேதான் வீரம்மா இருக்கே, நல்லா மலாய் பேசும்" என்றார்கள். அது பொய்யில்லை. சந்தையில், மருந்தகத்தில், போலீஸ் ஸ்டேஷனில் அந்தத் தோட்டத்துக்கே வாய் வீரம்மாதான்.

கோலா கங்சார் பக்கம் இருக்கிறது அந்தத் தோட்டம். நான் பிறந்ததும் அங்கேதான். வெள்ளைக்காரன் விற்றுவிட்டுப் போன பிறகு துண்டு துண்டாகக் கைமாறி, ரப்பர்ப் பால்மரம் பாதி, லாலான் புல் பாதி என்று கிடந்தது. லய வீடுகளில் மிச்சமிருந்த தொழிலாளர்களுக்குக் கரண்டும் கிடையாது, குழாய்த் தண்ணீரும் கிடையாது. இப்போது மேலே ஆற்றை மறித்து மின்சாரத்துக்காக ஓர் அணை கட்டப் போகிறார்கள். பள்ளத்துப் பகுதியில் தண்ணீர் நிற்கும். தோட்டத்தார் புதைக்கும் இடம் அந்தப் பள்ளத்தில்தான் இருந்தது.

வீரம்மாவின் மகளும் அங்கேதான் இருந்தாள். பள்ளிக்கூடம் போகும் வயது வருவதற்குள் காய்ச்சலில் போய்விட்டாள். பாப்பா என்றே கூப்பிட்டுப் பழகியதால் அவளுக்கு வைத்த பெயரே பலருக்கு மறந்துவிட்டது. புருஷன் பாகான் டத்தோ என்ற ஊருக்குத் தேங்காய் உரிக்கப் போனவன் அங்கேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்டான். ஆக, வீரம்மாவுக்குச் சொந்தம் என்று இருந்தது அந்த மண்மேடு ஒன்றுதான். விசாரணையில் ஆட்சேபம் பதிவானால் சமாதிகளைத் தோண்டி மேட்டு நிலத்துக்கு மாற்றித் தர வேண்டும் என்பது குழுவின் விதி. பதிவாகாவிட்டால் மாற்ற வேண்டியதில்லை. அரசாங்கம் வேலியடைத்த இடத்தில் யாரும் தாமாகப் போய்த் தோண்டவும் கூடாது. இதை நானே போய் லயத்தில் எல்லாருக்கும் விளக்கியிருந்தேன்.

விசாரணை முடிந்த சில நாளில் வீரம்மா சங்கத்துக்கு வந்தாள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணே, பசியாறிட்டீங்களா?"

"ஆச்சு. உக்காரு. எப்படி நடந்துச்சு?"

"ரொம்ப நல்ல மனுஷங்கண்ணே. குழுத் தலைவரு, ஒரு டத்தோ, நடுவுல உக்காந்திருந்தாரு. மொதல்ல ஏதோ கொஞ்ச நேரம் படிச்சாங்க. அப்புறம் டத்தோ எங்களப் பாத்து, பந்துவான் இருக்கான்னு கேட்டாரு. நான் எந்திரிச்சு, தாக் அடா துவான், ஒண்ணுமே கெடையாதுன்னு சொன்னேன். அவரு நம்பல. மறுபடி கேட்டாரு. மாயாண்டி, காளியம்மா எல்லாரும் சேந்துக்கிட்டு தாக் அடான்னு கத்துனோம் பாருங்க, கூரையே பிச்சுக்கிட்டுப் போயிருக்கும்லா."

"அப்புறம்?"

"கை தட்டுனாங்க. டத்தோ எங்கிட்ட வந்து தெரிமா காசேன்னு நன்றி சொன்னாரு. மீஹூன் போட்டாங்க."

"பாப்பாவப் பத்திப் பேசினியா?"

"அதுக்குத்தானே காத்திருந்தேன். மொதல்ல உதவி பத்திக் கேட்டுட்டாங்க, அடுத்து அதக் கேப்பாங்கன்னு நின்னுக்கிட்டே இருந்தேன். என்ன சொல்லணும்னு மனசுக்குள்ள மலாய்ல கட்டி வச்சிருந்தேண்ணே. அதுக்குள்ள கார்ல ஏறிட்டாங்க. இன்னொரு நாளு வருவாங்கதானே?"

ஒரு வருஷம் வெள்ளம் வந்தபோது அரிசியோடு வந்த அதிகாரிகள் சொன்ன வார்த்தை பந்துவான். உதவி என்று அர்த்தம். அதற்குப் பிறகு தோட்டத்துக்குள் அரசாங்கக் கார் நுழைந்தாலே சனங்கள் அந்த வார்த்தைக்குத்தான் காது கொடுப்பார்கள். டத்தோ கேட்டது அதுவல்ல. பந்தாஹான். ஆட்சேபம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். ஆட்சேபம் சொல்லத் தயாராகி வந்த கூட்டம், இல்லை, இல்லவே இல்லை என்று கூரை பிய்யக் கத்தியிருக்கிறது.

சந்தையில் மீன் வாங்கும் மலாயில் பந்தாஹான் எங்கே வரும்? நானாவது அந்த வார்த்தையைச் சொல்லிக் கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். என் கையில் இருந்த இங்கிலீஷ் அறிவிப்பில் அது இல்லை. யார் மேல் கோபப்படுவது என்றே தெரியாத கோபம் ஒன்று உண்டு. அன்றைக்கு எனக்கு அதுதான் வந்தது.

சொல்லாமல் இருக்க முடியாது. சொன்னேன். வீரம்மா இரண்டு வார்த்தையையும் மெல்லச் சொல்லிப் பார்த்தாள். மறுபடியும் சொல்லிப் பார்த்தாள்.

"அப்ப எம் புள்ள மேல தண்ணி வுடச் சொல்லி நானே சொல்லிட்டனாண்ணே?"

"நீ சொல்லல. உனக்குப் புரியல. அது வேற."

"நாந்தானே மொதல்ல எந்திரிச்சேன். நான் கத்துனதப் பாத்துதானே எல்லாரும் கத்துனாங்க."

வாழைப்பழத்தை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனாள். அன்றைக்குச் சங்கத்தில் யாரும் அதைத் தொடவில்லை.

நான் செயலகத்துக்கு நடந்தேன். வாரக்கணக்கில் நடந்தேன். குழுவின் செயலாளர் நாகரிகமான ஆள்தான். கேள்வி புரியவில்லை என்று சாட்சியே நேரில் வந்து, தனக்கு மலாய் தெரியாது என்று சத்தியம் செய்து சொன்னால், முந்தைய பதிலை நீக்கிவிட்டு ஆட்சேபத்தை ஏற்கலாம் என்றார். ஈப்போவில் குழுவின் கடைசி அமர்வு இருந்தது. அதில் இடம் வாங்கிக் கொடுத்தார்.

அதில்தான் ஒரு முள் இருந்தது. வீரம்மாவிடம் இருந்தது சிவப்பு ஐசி, குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் அடையாள அட்டை. இந்த நாட்டில்தான் பிறந்தாள். ஆனால் பிறப்பு சூரா என்ற பிறப்புச் சான்றிதழ் எடுக்கவில்லை, எடுத்து வைக்க வேண்டும் என்று அவள் அப்பனுக்கு யாரும் சொல்லவும் இல்லை. சிவப்பு ஐசிக்காரர் பால் வெட்டக்கூட பெர்மிட் வாங்க வேண்டும். பெர்மிட்டைப் புதுப்பிக்கவில்லை என்றால் வேலை போச்சு. எத்தனையோ வருஷம் அலைந்து குடியுரிமைக்கு மனுப் போட்டு, குடிமக்களுக்கான நீல ஐசி நேர்காணலுக்கு அப்போதுதான் அவளுக்கு நாள் வந்திருந்தது. அந்த நேர்காணலில் பார்ப்பதே ஒன்றுதான்: மலாய் தெரியுமா, தெரியாதா.

லயத்து வாசலில் உட்கார வைத்து இதை அவளிடம் சொன்னேன்.

"குழு முன்னால மலாய் தெரியாதுன்னு சத்தியம் பண்ணினா, பதிவிலாக்காவுல போய் எப்படித் தெரியும்னு சொல்லுவே? நல்லா யோசிச்சுக்க, வீரம்மா."

"யோசிக்க என்னண்ணே இருக்கு? ஐசி எனக்கு. இது அவளுக்கு. நான் எப்படியும் பொழச்சுக்குவேன். அவளால எந்திரிச்சு மேட்டுக்கு வர முடியுமா?"

அமர்வுக்கு அவள் பெயரை எழுதிக்கொண்டேன். எனக்கும் பெண்பிள்ளை இருக்கிறது.

கடைசி அமர்வு செயலகத்துப் பெரிய அறையில் நடந்தது. பத்திரிகைக்காரர்களும் வந்திருந்தார்கள். மின்சாரம் எவ்வளவு வரும், காடு எவ்வளவு போகும் என்று காலையெல்லாம் படித்தவர்கள் பேசினார்கள். குழுவில் ஒருவர் தூங்கியே விட்டார். எங்கள் முறை வரும்போது மதியமாகிவிட்டது. வீரம்மா திருவிழாவுக்குக் கட்டும் பச்சைச் சேலையில் வந்திருந்தாள். பக்கத்தில் நான் நின்றேன். அவளிடம் திரும்பத் திரும்பச் சொல்லி வைத்திருந்தேன்: டத்தோ என்ன கேட்டாலும் பேசாமல் இரு, நான் தமிழில் சொல்வேன், நீ தமிழில் பதில் சொல்லு, மலாயில் ஒரு வார்த்தைகூட வரக் கூடாது.

டத்தோவுக்கு அவளை நினைவிருந்தது. சத்தியம் வாங்கிக்கொண்டு அன்பாகத்தான் கேட்டார். அன்றைக்குக் கேள்வி விளங்கவில்லையா, மலாய் தெரியாதா என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் வீரம்மா சொன்னாள்.

"தாக் தாஹு, துவான்."

தெரியாது ஐயா என்பதை மலாயிலேயே சொல்லிவிட்டாள். பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் கவனிக்கவில்லை. பெரிய மனிதர் மரியாதையாகக் கேட்டால் உடனே பதில் சொல்லிப் பழகியவள். அதைவிட, அத்தனை நாளாக மனதில் கட்டி வைத்திருந்த பேச்சு ஒன்று உள்ளே இருந்தது. தாக் தாஹு என்று வாய் திறந்ததும் அதுவும் கூடவே வந்துவிட்டது.

"அனாக் சயா அடா டி சானா, துவான்."

என் பிள்ளை அங்கே இருக்கிறாள் என்று ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. காய்ச்சல் வந்த விதத்தைச் சொன்னாள். லோரி கிடைக்காமல் தோளில் போட்டுக்கொண்டு பெரிய ரோடு வரை ஓடியதைச் சொன்னாள். ரோட்டுக்கு வரும்போதே பிள்ளையின் உடம்பு குளிர்ந்துவிட்டதைச் சொன்னாள். அவளுக்குத் தண்ணீர் என்றால் பயம், குளிக்க வைக்கவே ஓடிப் பிடிக்க வேண்டும், அவள் மேல் ஏரியை விடாதீர்கள் என்று கேட்டாள். எல்லாம் மலாயில். சந்தை மலாய்தான், ஆனால் ஓர் இடத்தில்கூடத் தடுமாறவில்லை. எத்தனையோ விசாரணையில் நான் மொழிபெயர்த்திருக்கிறேன். இப்படி ஒரு பேச்சை என்னால் எந்த மொழியிலும் பேச முடியாது.

தூங்கியவர் விழித்துக்கொண்டார். டத்தோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த வக்கீல் உறுப்பினர் தொண்டையைச் செருமினார்.

"இந்த அம்மா சொன்னது எல்லாருக்கும் புரிந்தது. எனக்கும் வருத்தம்தான். ஆனால் இவ்வளவு தெளிவாக மலாய் பேசுகிறவருக்குக் கேள்வி புரியவில்லை என்று நாம் எப்படி எழுதுவது?"

பந்தாஹான் என்ற அந்த ஒரு வார்த்தைதான் தெரியாது என்று கத்தினேன். இரண்டு வார்த்தையையும் சொல்லிக் காட்டினேன். மொழிபெயர்ப்பாளருக்குச் சாட்சி சொல்ல உரிமை இல்லை என்று உட்கார வைத்தார்கள். விதி விதிதான் என்றார் டத்தோ. முந்தைய பதில் நின்றது. ஆட்சேபம் இல்லை.

வெளியே வந்ததும் வீரம்மா என்னைக் கேட்டாள்.

"நல்லாத்தானே பேசினேன்?"

"நல்லாத்தான் பேசின" என்றேன்.

மறுநாள் ஒரு மலாய்ப் பத்திரிகையில் அவள் படம் வந்தது. பச்சைச் சேலை கறுப்பாகத் தெரிந்தது. கைகள் இரண்டையும் முன்னால் நீட்டியிருந்தாள். கீழே, மலாய் தெரியாது என்று குழு முன் சத்தியம் செய்த தோட்டத்துப் பெண் என்று போட்டிருந்தார்கள். பிறகு அவள் மலாயில் என்ன பேசினாள் என்பதைப் பற்றி ஒரு வரி இல்லை.

அடுத்த மழைக்காலத்தில் மதகை மூடினார்கள். தண்ணீர் சத்தமில்லாமல்தான் ஏறியது. வேலிக்கு இந்தப் பக்கம் வீரம்மா தினமும் பால் வெட்டு முடிந்து வந்து நின்றாள் என்று மாயாண்டி சொன்னான். கடைசியில் நிற்க இடமில்லாமல் மேட்டுக்குப் போனாளாம். அந்தச் சமயம் நான் ஒரு தடவைகூட அங்கே போகவில்லை. வேறு விசாரணைகள் இருந்தன.

நீல ஐசி நேர்காணல் தள்ளிப் போய், தண்ணீர் நிறைந்த பிறகு வந்தது. ஈப்போ பதிவிலாக்காவுக்கு நானே அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே அவளை மட்டும் விட்டார்கள். வெளியே படிக்கட்டில் ஒரு சிகரெட் முடிவதற்குள் திரும்பி வந்துவிட்டாள்.

"என்ன, அதுக்குள்ள?"

"பேரு கேட்டாரு, சொன்னேன். எங்க வேலைன்னு கேட்டாரு, சொன்னேன். அப்புறம் என் மூஞ்சியவே பாத்தாரு. மேச டிராயர்லேந்து பேப்பர எடுத்து வச்சாரு. இது நீதானேன்னாரு. ஆமான்னேன். சட்டமன்றத்து ஆளுங்க முன்னால மலாய் தெரியாதுன்னு சத்தியம் பண்ணவளுக்கு நான் தெரியும்னு எழுத முடியாதுன்னுட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"எவ்வளவோ சொன்னேண்ணே. மலாய்லதான் சொன்னேன். கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாரு."

பஸ் ஸ்டேஷன் வரை நடந்தோம். கோலா கங்சார் பஸ் நின்றிருந்தது. டிரைவர் ஏறி உட்கார்ந்துவிட்டார். வீரம்மா படியில் ஒரு காலை வைத்தவள் திரும்பினாள். அவள் அழவில்லை. சண்டைக்கும் வரவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலத்தான் கேட்டாள்.

"அங்க, மலாய் தெரியும்னு சொல்லி எம் புள்ளைய எடுக்க விடல. இங்க, தெரியாதுன்னு சொல்லி ஐசி குடுக்கல. ரெண்டும் ஒரே கவர்மெண்டுதானே? அண்ணே, நீங்க படிச்சவங்க, நீங்களாவது சொல்லுங்க. எனக்கு மலாய் தெரியுமா, தெரியாதா?"

டிரைவர் ஹார்ன் அடித்தார். அவள் ஏறாமல் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தாள்.