காந்தி வீதியில் விழுந்துகொண்டிருப்பவர்

காந்தி வீதியில் கடைக்குப் பெயர்ப்பலகை மாட்டும்போது இரண்டாவது மாடி உயரத்திலிருந்து விழுந்த ராஜவேல், பன்னிரண்டு வருடமாகியும் இன்னும் தரைக்கு வந்து சேரவில்லை. அந்த வாரம் தக்காளி என்ன விலை என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஆனால் இதில் இரண்டு பேச்சே கிடையாது, இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம்.

கட்டடம், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குவதால் ஊரார் சொல்தா என்று கூப்பிடும் கஸ்தோனுடையது. சுண்ணாம்புக் காரையில் எழுப்பிய பழைய சுவர். கீழே பாத்திரக்கடை திறந்த ஜானகிராமனுக்கு அந்தச் சுவரை அடைத்தாற்போலப் பலகை வேண்டும், அதுவும் ராகுகாலம் பிறப்பதற்குள் ஏறியாக வேண்டும். உழவர்கரை ராஜவேல் சுவரில் துளை போட்டு, போல்ட் செருகி, அதைப் பிடித்துக்கொள்ளும் பசையையும் ஊற்றிவிட்டு, "சாயங்காலம் வரிக்கும் காயணும் சார், இப்ப மாட்டுனா நிக்காது" என்று சொல்லத்தான் செய்தார். "பூசணிக்கா ரெடி, ஐயர் ரெடி, நீ ஒருத்தந்தான் பாக்கி" என்றார் ஜானகிராமன். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்கள்; அண்டா விற்கிறவருக்கே அது தெரியவில்லை, யாரைச் சொல்லி என்ன செய்ய! பலகை ஏறியது. ஒரு மூலை பெயர்ந்து வந்து ராஜவேலின் தோளில் இடித்தது, சாரத்திலிருந்து அவர் தலைகீழாகக் கிளம்பினார். கீழே நின்றவர்கள் கண்ணை இறுக மூடிக்கொண்டார்கள். வெகுநேரம் சத்தம் வராததால் திறந்து பார்த்தார்கள்.

தீயணைப்புக்காரர்கள் ஏணி வைத்து இழுத்தார்கள், அசைக்க முடியவில்லை. அவருக்கு நேர் கீழே வலை கட்டினார்கள். ஒரு மழைக்காலம் முழுக்க அந்த வலை இழை இழையாக அறுந்து அவருக்கு வழி விட்டது. விழுகிற வேகமெல்லாம் அவருக்குள் அப்படியேதான் இருக்கிறது, அவருக்கு மட்டும் நேரம் மெதுவாகப் போகிறது என்று ஊர் புரிந்துகொண்டது. தரையைத் தொடுகிற அன்று உயிர் போய்விடும். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. யாரும் சாகாததால் போலீஸ் வழக்கு எழுதவில்லை. பலகையை வேறு ஆட்கள் வந்து, இந்த முறை பசையை நன்றாகக் காயவிட்டு, நேராக மாட்டிவிட்டுப் போனார்கள்.

பதினாறாம் நாள் நெருங்கியதும் உறவுக்காரர்கள் அவர் மனைவி பாக்கியலட்சுமியின் தாலியைக் கழற்ற வந்தார்கள். "அவரு இன்னும் கீழ வர்லியே மாமா, வராத மனுசனுக்கு யாருன்னா கருமாதி பண்ணுவாங்களா?" என்று கேட்டார் அவர். வந்தவர்கள் காபி குடித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

தினமும் மாடியிலிருந்து ராஜவேலின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கஸ்தோன்தான் இரண்டாம் வருடம் அதைக் கண்டுபிடித்தார். "மதாம், உம் புருஷன் கண்ணு திரும்புது, யாரையோ தேடுறான். நாம வர்றதும் போறதும் அவனுக்குத் தெரியாது. ஒரே எடத்துல ஒக்காந்தீன்னாதான் அவன் கண்ணுல படுவ" என்று சொல்லித் தன் பிரம்பு நாற்காலியைக் கீழே இறக்கிக் கொடுத்தார். அன்று முதல் பாக்கியலட்சுமி அந்த நாற்காலியில் அமர்ந்தார். விபத்தன்று காலை கணவரை வழியனுப்பும்போது கட்டியிருந்த கிளிப்பச்சைச் சேலை கிழியக் கிழிய அதே நிறத்தில் வேறு வாங்கிக் கட்டினார். எதிர் மெஸ்ஸுக்கு முருங்கைக்கீரை உருவிக் கொடுத்துப் பிழைத்தார், அதையும் குனியாமலே செய்தார். சாகப்போகிற மனுஷன் தன் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. சுற்றுலா வந்தவர்கள் செல்ஃபி எடுத்தார்கள். மகள் சரிதா பள்ளிக்கூடம் முடித்து, காலேஜும் முடித்தாள்.

எட்டாம் வருடம் ராஜவேலின் கண்கள் கிளிப்பச்சையில் வந்து நின்றன. முகத்திலிருந்த பயம் மெல்ல மெல்ல விலகியதைத் தெருவே பார்த்தது, கடையை விட்டு இறங்கிவந்து ஜானகிராமனும் பார்த்து அழுதார். கீழே நீட்டியிருந்த கை போன வருடம் எட்டும் உயரத்துக்கு வந்தது. பாக்கியலட்சுமி அதில் தன் கையை வைத்தார். சட்டென்று எடுத்தால் அவருக்குத் தெரியாதே என்று மாதக்கணக்கில் எடுக்கவேயில்லை.

அப்போதே பாக்கியலட்சுமிக்கு வயிற்றில் கட்டி முற்றியிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. தை மாதம் படுத்தார், எழுந்திருக்கவில்லை. "அந்த நாக்காலி காலியா இருந்தா அவரு நான் போயிட்டேன்னு நெனச்சுக்குவாரு. நீ போயி ஒக்காருடி. அழுவாத, மூஞ்சி சிரிச்சாப்ல இருக்கணும்" என்று சரிதாவிடம் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். மஞ்சள் பூசி, பூ வைத்து, சுமங்கலியாகவே அனுப்பினார்கள். உழவர்கரையில் பாடை தூக்கியபோது பெற்ற மகள் அங்கே இல்லை. அவள் அம்மாவின் சேலையில், காந்தி வீதியில், சிரித்த முகத்தோடு அமர்ந்திருந்தாள். தாய்க்கு அழக்கூட விடாத கொடுமை எந்த ஊரில் உண்டு?

இப்போதும் அவள்தான் அமர்கிறாள். கடைக்கு வருகிறவர்கள் இருவரையும் சுற்றிக்கொண்டு போய்க் குக்கர் வாங்குகிறார்கள். கீழே வர வர வேகம் கூடுகிறது, ஆடிக்குள் தரை வந்துவிடும் என்கிறார் கஸ்தோன். போன வாரம் ராஜவேலின் விரல்கள் சரிதாவின் கையைச் சுற்றி மடங்கத் தொடங்கின. மனைவியின் கை என்று நினைத்துத்தான் பிடிக்கிறார், அவளும் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.