அத்தை பேசி முடிக்கட்டும்

1

இந்தக் கதை ஒரு கேள்வியில் பிறந்தது. அந்தக் கேள்வியும் என்னுடையதல்ல. குடும்ப நீதிமன்றத்தில் வேறு வேலையாகக் காத்திருந்தபோது, பக்கத்து பெஞ்சில் இருந்த பெண்ணிடம் ஒரு வக்கீல் கேட்டார்: “சட்டப்படி இவங்களுக்கு நீங்க யாரும்மா?” அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். சக்கர நாற்காலியில் இருந்த அம்மாள் வக்கீலை முறைத்தார். நான் கண்டது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: “விவாகரத்தாகிப் பல வருடமாகியும் தன் மாமியாரைத் தெய்வமாக...” (வேண்டாம். இவள் எரிச்சல்காரி. தெய்வம் கிய்வம் என்றால் என்னையே திட்டுவாள்.)

இரண்டாவது: புருஷன் போனான், மாமியார் போகவில்லை.

இது சரி. விவாகரத்து வாங்கிய மகன் வேறு ஊரில் வேறு குடும்பம் நடத்தினான். அத்தை தன் சொந்த வீட்டில் மருமகளோடு தங்கிவிட்டார். எலியும் பூனையுமாகத்தான் காலம் போனது. பிறகு அத்தைக்குப் பக்கவாதம் வந்தது. புத்தி தெளிவாகவே இருந்தது. சொற்கள்தான் ஒவ்வொன்றாக, மூச்சு வாங்கிக்கொண்டு வந்தன. அத்தை “அந்த...” என்று தொடங்குவார். மருமகள் “ஜன்னல்தானே? சாத்தறேன்” என்று முடித்துவிடுவாள். அன்பு பாதி, அவசரம் பாதி.

(சட்டம் பற்றி ஓர் இடைச்செருகல், பொறுத்துக்கொள்ளுங்கள். நமக்காகப் பேசவும் கையெழுத்துப் போடவும் ஒருவரை நியமிக்கும் பத்திரத்தை, நாம் நன்றாக இருக்கும்போதே எழுதிவைக்க வேண்டும். வெள்ளம் தலைக்கு மேல் போன பிறகுதான் எல்லோரும் அதைத் தேடுகிறார்கள். அத்தையும் எழுதவில்லை. “எனக்கென்ன கேடு?” என்பது அவர் கட்சி.)

3

மகன் விஷயத்தில்தான் எனக்குச் சந்தேகம். முதல் வரைவில் அவன் வீட்டை விற்கத் துடிக்கும் வில்லன். அதை அடித்துவிட்டேன். அம்மாவுக்கு எதுவும் புரிவதில்லை என்று அவன் மெய்யாகவே நம்புகிறான். தொலைபேசியில் அம்மா ஒரு வாக்கியத்தை முடிக்கும்வரை அவன் ஒருநாளும் காத்திருந்ததில்லை. அதனால் அம்மாவுக்காக முடிவெடுக்கும் சட்டக் காப்பாளராகத் தன்னை நியமிக்கச் சொல்லி மனுப் போட்டான். அவன் ஜெயித்தால் அத்தை அவனுடைய ஊர் முதியோர் இல்லத்துக்குப் போகவேண்டியதுதான். அந்த மனுவைப் பொறுத்தவரை மருமகள் மூன்றாம் மனுஷி.

அத்தை தரப்பு வக்கீல் அவளிடம் கண்டிப்பாகச் சொன்னார். “நீதிபதி அவங்களைத்தான் கேப்பாங்க. நீங்க ஒரு வார்த்தை எடுத்துக் கொடுத்தாலும் கேஸ் போச்சு. அவங்களால தானா பேச முடியலைன்னு ஆயிடும்.”

“எனக்கு வாயை மூடத் தெரியாது சார்.”

“இன்னிக்குக் கத்துக்குங்க.”

4

நீதிபதி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “அம்மா, நீங்க எங்க இருக்க ஆசைப்படறீங்க?”

“நா...”

அத்தை அடுத்த சொல்லுக்கு மூச்சு இழுத்தார்.

“பாத்தீங்களா மேடம், அம்மாவுக்குக் கேள்வியே புரியலை” என்றான் மகன்.

“நான் அவங்களைக் கேட்டேன்” என்றார் நீதிபதி.

அத்தையின் விரல் மருமகளைக் காட்டியது. “இவ... சமையல்ல... உப்பே... இருக்காது.”

மகன் நிமிர்ந்து உட்கார்ந்தான். டாக்டர் சொல்லித்தானே குறைத்தேன் என்ற வாக்கியம் மருமகளுக்குத் தொண்டைவரை வந்தது. விழுங்கினாள். அத்தைக்கு உருக்கமாக ஒரு வசனம் எழுதிக் கொடுக்க எனக்கும் கை அரித்தது. “பெத்த பொண்ணுகூட இப்படி...” (நிறுத்திவிட்டேன். என்னையும் யாரும் கேட்கவில்லை.)

“டாக்டர்... சொன்னாராம். நான்... திட்டுவேன். அவளும்... திட்டுவா.” அத்தை மூச்சு வாங்கினார். “அது... என் வீடு. அங்கதான்... இருப்பேன். இவளோட. எனக்கு... முடியாமப் போனா... இவ பேசட்டும்.” பிறகு மருமகளைப் பார்த்து, “இப்ப... நானே... பேசறேன்.”

நீதிபதி சிரித்துவிட்டார். இந்த அம்மாவுக்குத் தன் முடிவைத் தானே எடுக்கும் திறன் இருக்கிறது, காப்பாளர் தேவையில்லை, தனக்காகப் பேச யாரை வேண்டுமானாலும் அவர் நியமித்துக்கொள்ளலாம் என்று சொல்லி மனுவைத் தள்ளுபடி செய்தார். மருமகள் வாய்விட்டு அழுதாள். காலையிலிருந்து அடக்கிவைத்த சத்தமெல்லாம் வெளியே வந்தது. ஜெயித்துவிட்டார்கள்! ஆச்சரியக்குறி அதிகப்படி என்பவர்கள் வேறு கதை படிக்கலாம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

5

முடிவு ஒன்று: மகன் அம்மாவின் காலில் விழுகிறான். (சினிமா.)

முடிவு இரண்டு: காரில் ஏறிக் கதவை ஓங்கிச் சாத்திவிட்டு... (என் சோம்பேறித்தனம்.)

மூன்றாவதை அத்தையே தொடங்கிவிட்டார். வாசலில் நாற்காலியை நிறுத்தச் சொன்னார். சற்றுத் தள்ளி நின்ற மகனைக் கைகாட்டி அழைத்தார்.

“டேய்... ஞாயித்துக்கிழமை... நீ...”

வா என்கிறாரா, வந்துவிடாதே என்கிறாரா? மருமகளுக்குத் தெரியும், ஆனால் வாய் திறக்கவில்லை. எனக்கு ஒன்று தெரியும். உங்களுக்கும் ஒன்று தோன்றியிருக்கும்.

மகன் வழக்கம்போல “சரிம்மா, புரியுது” என்று ஆரம்பித்தான். பாதியில் நிறுத்திக்கொண்டான். நாற்காலிக்கு முன்னால் வந்து குந்தி உட்கார்ந்து, அம்மாவின் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தான். நீங்களும் கொஞ்சம் பொறுங்கள். அவர் பேசிக்கொண்டிருக்கிறார்.