காசிநாதன் படத்துக்கு மாலை

ரெட்டிபாளையத்தில் லீலாவதி வீட்டுக் கூடத்தில் தொங்கிய காசிநாதன் படத்துக்கு ஆடி பிறந்த வாரத்தில் தாடி முளைத்தது. அவளுடைய புருஷன் காசிநாதன் காணாமல் போய் அப்போது ஆறு மாதம். அவன் ஓட்டிய சிமெண்ட் லாரி கொள்ளிடக் கரையில் கேட்பாரற்று நின்றதால், ஆற்றோடு போய்விட்டான் என்று ஊர் முடிவுகட்டியிருந்தது.

படத்தை வரைந்தவர் அய்யம்பெருமாள். யாரிடமும் போய்க் கற்றவரில்லை. லாரிக்குப் பேர் எழுதி மிஞ்சிய பெயிண்டைத் தகரத்தில் குழப்பி முகம் வரைவார். மூக்கு கோணும், காது ஏறி இறங்கும்; ஆனால் அந்த ஆளின் கள்ளச் சிரிப்பு அப்படியே வந்து உட்கார்ந்துவிடும். லீலாவதிக்கு முதல் சந்தேகம் அவர்மேல்தான். ஆள் இல்லாதபோது புகுந்து தீட்டுகிறாரோ என்று கூடத்தைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். தாடி அதுபாட்டுக்கு வளர்ந்தது.

“நான் ஏம்மா தொடப்போறேன்? கண்ணு வரைஞ்சதோட என் வேல முடிஞ்சுது” என்றார் அவர்.

கொழுந்தன் தங்கராசு மாலையோடு வந்து நின்றான். “படத்துல போடுங்க அண்ணி. எத்தன நாளைக்கு இப்புடியே வச்சிருப்பீங்க?”

“தாடி வளருதே, கண்ணு தெரியல? உசுரோட இருக்குறவருக்கு மாலயா?” என்று விரட்டியடித்தாள். எந்த ஊரில் பட்டினி கிடக்கிறாரோ என்று படத்தின் முகத்தைத் தினமும் ஈரத்துணியால் துடைத்து அழுதாள். பாவி மகள், அவ்வளவு பிரியம்.

ஐப்பசியில் ஒரு காலை தாடி மழுமழுவென்று மழிக்கப்பட்டிருந்தது. கன்னத்தில் பவுடர். பிறகு கன்னம் உப்பியது. பெயிண்டால் போட்ட சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்துத் தரையில் உருண்டது. எங்கோ வேலை கிடைத்து நன்றாகச் சாப்பிடுகிறார் என்று அதையும் சமாதானம் செய்துகொண்டாள். தை வெள்ளியன்று படத்தின் உதடு வெற்றிலைச் சாற்றில் சிவந்திருந்தது. லீலாவதி துணியோடு அப்படியே நின்றாள். காசிநாதனுக்கு வெற்றிலை மடிக்கத் தெரியாது. காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, பன்னிரண்டு வருஷம் அவள்தான் மடித்து வாயில் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் அவளே அரியலூர் போய்ச் சம்பங்கி மாலை வாங்கி வந்தாள். நெற்றியில் குங்குமம் வைத்து, சின்ன பல்பையும் எரியவிட்டாள். படம் திகைத்துப் போய் அவளைப் பார்த்தது.

“பாத்தது போதும்” என்றாள்.

துக்கத்துக்கு வந்தவர்கள் காபி குடித்தபடி படத்தைப் பார்த்தார்கள். “செத்ததுலேருந்து அண்ணன் நல்லாத் தேறிட்டாரு” என்றான் தங்கராசு. எல்லோரும் ஆமாம் என்றார்கள். கழுத்தும் பெருத்துவிட்டதால், வெள்ளிக்கிழமை மாலையை இப்போது ஒரு முழம் கூட்டித்தான் கட்டச் சொல்கிறாள் லீலாவதி.