டிக்கி மேல் ஓர் இறக்கை

அந்தக் காருக்குப் பின்னால் ஓர் இறக்கை இருந்தது. பறவைக்கு இருப்பதுபோல் பக்கத்துக்கு ஒன்று அல்ல. டிக்கி மூடியின் மேல் இரண்டு காலை ஊன்றிக்கொண்டு, காரின் அகலத்துக்குக் குறுக்கே நின்ற ஒரு கனத்த கறுப்புப் பலகை. விற்கிறவர்கள் ஸ்பாய்லர் என்பார்கள். பந்தயத்தில் ஓடுகிற கார்களுக்கு அது இல்லாமல் ஆகாதாம். இது பந்தயத்தில் ஓடுகிற கார் இல்லை. நாலு கதவும் வெள்ளைப் பெயின்ட்டும் பின்சீட்டில் பிஸ்கட் தூளுமாக, அடக்க ஒடுக்கமான குடும்பக் கார். சாதுவான குமாஸ்தாவுக்கு யாரோ தளபதியின் மீசையை ஒட்டிவிட்டது மாதிரி இருக்கும்.

"உங்க வண்டி மேல ரெண்டு போர்வை காயப் போட்டுக்கட்டுமா?" என்று பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் கேட்டாள். கிண்டலா, உண்மையிலேயே இடம் கேட்கிறாளா என்று கடைசிவரை தெரியவில்லை.

வாங்கி மாட்ட வைத்தவன் அந்தக் கார் வீட்டுக்காரியின் கணவன். டைல்ஸ் கடையில் கணக்கு எழுதினான். கார்ப் பிரியர்கள் சிலர் சேர்ந்து நடத்திய வேகக் குழுவில் அவனுக்குப் புயல் என்று பெயர். அந்தப் புயல் வீட்டுக்கும் கடைக்கும் நடுவே இருந்த அத்தனை சிக்னலிலும் நின்று, சைக்கிளுக்கெல்லாம் வழிவிட்டுக் கரையேறும். ஆனாலும் விளக்கத்தில் குறை வைக்க மாட்டான். "காத்து இருக்கு பாரு, அது இந்த இறக்கையில மோதி வண்டியைக் கீழ அழுத்தும். டயர் ரோட்டை அப்படியே கவ்விக்கும். டவுன்ஃபோர்ஸ்னு பேரு."

"நாம போற வேகத்துக்குக் காத்து நம்மள முந்திக்கிட்டுல்ல போகுது?" என்பாள் அவள்.

அவனும் சிரித்துவிடுவான். அதனால்தான் அந்தப் பலகையை அவளால் பொறுத்துக்கொள்ள முடிந்தது.

அதில் ஒரு தொந்தரவு இருந்தது. டிக்கி மூடியைத் தூக்கினால் நிற்காது. மூடியைத் தாங்க வேண்டிய இரண்டு தண்டுகளும் மூடியின் எடைக்குச் செய்தவை. மூடியின் மேல் குடியேறியவரின் எடைக்கு அல்ல. கையை எடுத்தால் மூடி கொஞ்சம் யோசிக்கும், பிறகு தடாலென்று விழும். "பாத்தியா, நிக்கிற வண்டியிலயே டவுன்ஃபோர்ஸ் வேலை செய்யுது!" என்று அதையும் பெருமைக் கணக்கில் எழுதிக்கொண்டான்.

மாமாவுக்கு, அதாவது அவன் அப்பாவுக்கு, சர்க்கரையில் ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. சிறுநீரகமும் கைவிட, ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். சக்கர நாற்காலி டிக்கியில் வரும். அவன் ஒரு கையால் மூடியைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நிற்பான், அவள் குனிந்து நாற்காலியை ஏற்றுவாள், இறக்குவாள். அது அவர்களுக்கு இடையில் ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. கடைக் கதை, வீட்டுக் கதை எல்லாம் அந்த மூடிக்கு அடியில்தான் பேசுவார்கள்.

ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கடையில் நாற்காலியில் சாய்ந்தவன் எழுந்திருக்கவில்லை. புயல் என்றால் ஊர் அறியப் போகும் என்பார்கள். இவன் பக்கத்து மேஜைக்காரனுக்குக்கூடத் தெரியாமல் போய்விட்டான்.

அவள் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள். மூக்குக் கண்ணாடிக் கடையில் அவளுக்கு வேலை. ஆஸ்பத்திரி நாட்களில் மத்தியானத்துக்கு மேல் போனால் போதும் என்று முதலாளி விட்டார். ஓட்டுவது பழகிவிட்டது. பின்கண்ணாடியில் இறக்கை குறுக்கே விழுந்து, பின்னால் வருகிறவனின் நெற்றியும் தாடையும் மட்டும் தெரிவதும் பழகிவிட்டது. மூடிதான் பழகவில்லை. தரை துடைக்கிற மாப்பின் கட்டையை முட்டுக்கொடுத்துப் பார்த்தாள். சில நாள் நின்றது. ஒருநாள் நாற்காலியின் சக்கரம் கட்டையில் இடிக்க, கட்டை நழுவி, இறக்கை சகிதம் மூடி அவள் மணிக்கட்டில் இறங்கியது.

முன்சீட்டில் இருந்த மாமா கண்ணாடி வழியாகப் பார்த்தார். "என்னம்மா, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல மாமா. மூடிட்டேன்."

ஒற்றைக் கையால் ஓட்டிக்கொண்டு போனாள். மாமாவுக்கு ஊசி போட வந்த நர்ஸ் அவளுக்கும் கட்டுப் போட்டு அனுப்பினாள்.

கையில் இருந்த அந்தக் கட்டைத்தான் அத்தான் பார்த்தார். கணவனின் அண்ணன். குடிநீர் அலுவலகத்தில் மேலாளர். வீட்டில் பேசினாலும் சுற்றறிக்கை வாசிப்பது போலத்தான் பேசுவார். "இந்த நிலைமையை இப்படியே தொடர விட முடியாது. ஞாயித்துக்கிழமை வந்து அப்பாவை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். உனக்கும் சிரமம் குறையும்."

அத்தான் வீட்டில் மாமாவுக்கு ஒரு குறையும் இருக்காது, பேச்சுத் துணையைத் தவிர. அங்கே எல்லாரும் காலையில் போய் ராத்திரி வருகிறவர்கள். சாயங்காலம் மாமா, "என் ரேடியோவை எடுத்து வச்சிடும்மா" என்றார். அவ்வளவுதான். இந்த வீட்டில் ராத்திரி சாப்பாட்டுக்கு இரண்டு தட்டு வைக்கக் காரணமாக இருந்த ஒரே ஆள் அவர்.

போனை எடுத்துச் சொன்னாள். "அத்தான், அந்த இறக்கையைக் கழட்டிட்டா மூடி நிக்கும். நானே பாத்துக்குவேன். மாமா இங்கயே இருக்கட்டும்."

"அது என் தம்பியோட ஞாபகம்மா. அதைப் போய்..." என்று வைத்துவிட்டார்.

அவளுக்கு மட்டும் ஞாபகம் இல்லையா? இத்தனை மாதம் ஒரு ஸ்பானரைத் தொடாமல் இருந்தது எதற்காம்? மாமா ஒவ்வொரு தடவையும் கண்ணாடியில் அதையே பார்த்துக்கொண்டு வருகிறாரே, கழற்றினால் மனம் உடைந்துவிடுவாரே என்று அவள் நினைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அத்தான் தனியாக வரவில்லை. வேகக் குழுவின் தலைவரையும் அழைத்து வந்தார். தலைவருக்கு மெத்தைக் கடை. வாரம் முழுக்க மனிதர்களைப் படுக்க வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வேகத்தைப் பற்றிப் பேசுவார். புயலின் நினைவாக அடுத்த மாதம் ஓர் ஊர்வலம் போகிறார்களாம், புயலின் வண்டி முன்னால் போக வேண்டுமாம்.

"அதைக் கழட்டறதா கேள்விப்பட்டேன்" என்றார் தலைவர், துக்கம் விசாரிக்கிற குரலில். "உணர்ச்சியை விடுங்க தங்கச்சி, பாதுகாப்பைப் பாருங்க. அது இல்லேன்னா வேகத்துல பின்பக்கம் லேசாயிடும். வளைவுல வழுக்கும். பெரியவரை வேற வச்சுக்கிட்டு ஓட்டறீங்க."

"நான் நாப்பதுக்கு மேல போறதில்லீங்க."

"நாப்பதோ நானூறோ, ஏரோடைனமிக்ஸ் ஏரோடைனமிக்ஸ்தானே?"

அவள் மாமாவின் பையை எடுத்து வந்தாள், ரேடியோவை மேலே வைத்து.

அத்தான் கார் கேஸில் ஓடுவது, டிக்கியில் அதன் சிலிண்டர் உட்கார்ந்திருந்தது. நாற்காலி அவள் வண்டியில்தான் வந்தாக வேண்டும். "அப்ப நானும் அதுலயே வரேன்" என்று மாமா அவள் வண்டியின் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். அத்தான் சட்டைக் கையை மடித்தார். "எதுக்கும் ஒரு முறை இருக்கு. முறையா செஞ்சா இதுல ஒரு கஷ்டமும் கிடையாது. நான் ஏத்தறேன், பாரு."

முறை இப்படி இருந்தது. தலைவர் மூடியைத் தூக்கிப் பிடித்தார். பிடித்தபடியே இறக்கையின் கோணத்தைப் பற்றி ஆரம்பித்தார். அத்தான் நாற்காலியை மடக்கப் போனார். அது மடங்க மறுத்தது. கைப்பிடியை அழுத்தினார், காலால் தள்ளினார், கடைசியில் அதிகாரியாக அதட்டியும் பார்த்தார். நடுவில் இருக்கைத் துணியைப் பிடித்து மேலே இழுத்தால் போதும். அவள் சொல்லவில்லை. கேட்கட்டும் என்று நின்றாள்.

"சீக்கிரம் சார், கை மரத்துப் போச்சு" என்றார் தலைவர். குரலில் இப்போது ஏரோடைனமிக்ஸ் இல்லை.

"ஒரு நிமிஷம் பிடிக்க முடியாதா உங்களால?"

"நீங்க வந்து பிடிங்களேன், தெரியும்!"

பிடி மாறுகிற நேரத்தில் மூடி தன் யோசனையை முடித்துக்கொண்டது. அத்தானின் முதுகில் இறங்கிற்று. பெரிய அடி இல்லை. ஆனால் ஒரு மேலாளர் பாதி டிக்கிக்குள்ளும் பாதி தெருவிலுமாக இருப்பதைத் தெரு பார்த்தது.

முன்சீட்டின் கண்ணாடி இறங்கியது. மாமா வேலை பார்த்த காலமெல்லாம் பஸ் கண்டக்டர். நெரிசலுக்கு மேலே கேட்கும்படி பேசிப் பழகிய அந்தக் குரலை அவள் பல மாதமாகக் கேட்டதே இல்லை.

"டேய் பெரியவனே! எத்தனை நாளைக்குடா டிக்கி மேல நிக்கிற அந்த ஆளை ஓசியில ஏத்திக்கிட்டுப் போறது? டிக்கெட் எடுக்காத ஆளு. இறக்கி விடு."

"அப்பா, அது தம்பியோட..."

"தம்பிதான் போயிட்டானே. இவ கையைப் பாருடா."

அவள் சீட்டுக்கு அடியிலிருந்து ஸ்பானர் பையை எடுத்து வந்து அத்தான் முன்னால் வைத்தாள். அத்தான் அதைத் தொடவில்லை. தலைவர்தான் குனிந்தார். "மாட்டினது நான்தான். நானே எடுத்துடறேன்."

துருப்பிடித்த போல்ட்டுகள் முனகிக்கொண்டு வந்தன. இறக்கையை இரண்டு கையாலும் தூக்கித் திருப்பிய தலைவர் அப்படியே நின்றுவிட்டார். இறக்கையின் காலுக்கு அடியில், இத்தனை வருடமாக மறைந்திருந்த இடத்தில், ஓர் அம்புக்குறி. பக்கத்தில் முன்பக்கம் என்று இங்கிலீஷில் எழுத்து. அம்பு காருக்குப் பின்னால் தெருவின் கடைசியைக் காட்டிக்கொண்டிருந்தது, கார் எந்தக் காலத்திலும் போகாத திசையை.

"திருப்பி மாட்டியிருக்கேன்" என்றார் மெதுவாக.

"அப்படின்னா?" என்றார் அத்தான்.

"அப்படின்னா... அழுத்தாது. வேகமாப் போயிருந்தா பின்பக்கத்தைத் தூக்கிவிட்டிருக்கும்."

வேகக் குழு முழுவதும் இந்த இறக்கையோடு நின்று படம் எடுத்துக்கொண்டிருக்கிறது. ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிந்துகொள்ளக் காற்றுக்காவது ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்க வேண்டும். ஒருவரும் அந்த வேகத்தில் போனதில்லை.

அவளுக்கு இதை உடனே ஒருவனிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. விழுந்து விழுந்து சிரித்திருப்பான். சிரித்து முடித்துவிட்டு இதற்கும் ஒரு விளக்கம் வைத்திருப்பான். அந்த விளக்கம் என்னவாக இருக்கும் என்று யோசித்துப் பார்த்தாள். வரவில்லை.

தலைவர் ஊர்வலத்தைப் பற்றி மறுபடி எடுக்கவில்லை. கை துடைக்கத் துணி கேட்டு வாங்கினார், துடைத்துக்கொண்டே நடந்துபோனார்.

அத்தான் இறக்கையின் தூசியைத் தன் கைக்குட்டையால் துடைத்தார். சுற்றறிக்கைக் குரல் எங்கோ போயிருந்தது. "இதை மாட்டின அன்னிக்கு எனக்குத்தான் முதல்ல போன் பண்ணான். அண்ணா, ஓடி வா, வந்து பாருன்னு. மீட்டிங் இருக்குடா, அப்புறம் வரேன்னேன்." கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். "இதை நான் எடுத்துக்கட்டுமாம்மா?"

"எடுத்துக்கங்க அத்தான்."

டிக்கியில்தான் சிலிண்டர் ஆயிற்றே. பின்சீட்டில் குறுக்காக வைத்தார், அப்பாவுக்கென்று உறை மாற்றிக்கொண்டு வந்திருந்த தலையணையை அதன் அடியில் கொடுத்து. வழியில் சரியாமல் இருக்க சீட் பெல்ட்டையும் போட்டுவிட்டார். மாமாவின் பையை அவரே எடுத்துப் போய் வீட்டுக்குள் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போவதாகச் சொன்ன பேச்சை அவர் எடுக்கவில்லை, யாரும் நினைவூட்டவும் இல்லை.

மறுநாள் ஆஸ்பத்திரி. மூடியில் இருந்த ஓட்டைகளுக்கு டேப் ஒட்டியிருந்தாள். வழியெல்லாம் பின்னால் வருகிறவர்களின் முகம் முழுசாகத் தெரிந்தது. ஒருவர் மூக்கைக் குடைந்துகொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி டிக்கியைத் திறந்தாள். மூடி தானாக எழும்பி நின்றது. இரண்டு கையாலும் நாற்காலியை எடுத்தாள், விரித்தாள், தள்ளிக்கொண்டு முன்கதவுக்கு வந்துவிட்டாள். முன்பெல்லாம் இதற்குள் பாதி வேலைகூட ஆகியிருக்காது.

மாமா தயாராக இல்லை. துண்டால் முகத்தை மூடியிருந்தார். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. பின்னால் முட்டுக்கட்டையோடு அவள் மல்லுக்கட்டிய அந்த நேரம்தான் ஒருநாள் விட்டு ஒருநாள் அவருக்குக் கிடைத்த தனிமை என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

சத்தம் காட்டாமல் நாற்காலியை அங்கேயே விட்டுவிட்டு டிக்கிக்குத் திரும்பினாள். அங்கே செய்ய ஒரு வேலையும் இல்லை. நின்றுகொண்டிருந்த மூடிக்குக் கீழே, முன்னாலிருந்து இருமல் சத்தம் கேட்கிற வரைக்கும், அவளும் நின்றாள்.