கோலப்பனின் இடது கால்

ஐந்து வாரத்துக்கு முன் வந்த பக்கவாதம் கோலப்பனிடம் ஒரே ஒரு சொல்லைத்தான் விட்டுவைத்திருந்தது: ஆமா. சாலைக் கடைத்தெருவில் முப்பது வருஷம் இரும்புச் சாமான் விற்றவர், தண்ணீர் வேண்டுமா என்றாலும் ஆமா, வேண்டாமா என்றாலும் ஆமா. வலது கையும் காலும் அசையவில்லை. இப்போது சர்க்கரையால் இடது பாதம் கறுத்துப் போயிருந்தது.

அந்த ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தருபவள் மீரா. மலையாளியான அறுவை மருத்துவர் ஸ்ரீஜித் அவளை வராந்தாவிலேயே மறித்தார்.

“இடது காலை முட்டுக்கு மேலே எடுக்கணும் மீரா, இன்னைக்கே. இல்லேன்னா ஒரு வாரம் தாங்காது. ஆளுக்குக் காரியம் மனசிலாகுதான்னு நீங்க பார்த்து எழுதணும். மனசிலாகுதுன்னா அவர் சம்மதம் வேணும். இல்லேன்னா அவர் பார்யை ஒப்புக் கையெழுத்து போட்டாப் போதும்.”

மணி இரண்டு. மீரா கட்டிலருகே உட்கார்ந்தாள்.

“அண்ணாச்சி, உங்க பேர் கோலப்பனா?”

“ஆமா.”

“உங்க பேர் மஹேஷா?”

“ஆமா.” சொல்லிவிட்டு அவரே தலையில் அடித்துக்கொண்டார். தப்பாக வந்துவிட்டது என்று அவருக்குத் தெரிகிறது.

காகிதம் எடுத்து இரண்டு படம் வரைந்தாள். ஒன்றில் ஒற்றைக் காலோடு சக்கர நாற்காலியில் ஒருவர், பக்கத்தில் மனைவி. மற்றதில் இரண்டு காலோடு படுத்திருப்பவர், மேலே மாலை போட்ட புகைப்படம். ஒவ்வொன்றையும் நிதானமாக, திரும்பத் திரும்ப விளக்கினாள்.

கோலப்பன் இடது விரலை மாலை போட்ட படத்தில் வைத்தார்.

இடம் மாற்றி வைத்தாள். விரல் அதையே தேடிப் போனது. தலைகீழாக வைத்தாள். வேறு தாளில் புதிதாக வரைந்தாள். அரை மணி கழித்து மறுபடி கேட்டாள். ஐந்து தடவையும் அதே படம். ஐந்தாம் தடவை அவர் தன் வலது காலைக் காட்டினார், பிறகு இடது காலைக் காட்டினார், உள்ளங்கையை வெறுமையாக விரித்தார். ஒன்று செத்தாச்சு, இதையும் எடுத்தால் என்ன மிச்சம்? மீரா அப்படித்தான் புரிந்துகொண்டாள்.

கட்டிலின் மறுபக்கம் நின்ற அவர் மனைவி பொன்னம்மை மீராவை வெளியே இழுத்துப் போனாள்.

“அவியளுக்கு ஒண்ணும் புரியல்லன்னு எழுதிரு மக்களே. நான் கையெழுத்துப் போடுகேன்.”

“அம்மா, அவருக்குப் புரியறது.”

“புரியட்டும். உசிரோட இருந்து என்னைய ஏசட்டும். உன் காலுல விழுகேன்.”

சொன்னபடியே குனிந்தாள். மீரா அவள் தோளைப் பிடித்து நிமிர்த்தினாள்.

நாலு மணி வரை மீரா எழுதவில்லை. ஸ்ரீஜித்தை அழைத்துவந்து அவர் எதிரிலேயே கோலப்பனிடம் மறுபடி கேட்டாள். பொன்னம்மையையும் கேட்கச் சொன்னாள். பொன்னம்மை அவர் விரலைப் பிடித்துச் சக்கர நாற்காலியின் மேல் அழுத்தினாள். அவர் கையை மெல்ல உருவிக்கொண்டு, அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டு, மாலை போட்ட படத்துக்கே போனார்.

‘புரிகிறது, சம்மதிக்கவில்லை’ என்று மீரா எழுதினாள்.

கோலப்பன் ஆறாம் நாள் காலையில் இறந்தார்.

சாவுச் சான்றிதழுக்கு வந்த பொன்னம்மை, பயிற்சி அறை வாசலில் வந்து நின்றாள். உள்ளே ஒரு குழந்தை ‘ப’ சொல்லப் பழகிக்கொண்டிருந்தது.

“அவியளுக்கு நெசமாட்டே புரிஞ்சுதா?”

“புரிஞ்சுதும்மா.”

“நீ மாத்தி எழுதியிருந்தா ஆரு கேட்டிருப்பா?”

யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மீராவுக்கு அது தெரியும். பொன்னம்மை செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.