கிராசின்டா தின்னாத ரொட்டி

இப்போதெல்லாம் ஜனங்களுக்கு ஒழுங்காக நிற்கத் தெரியவில்லை. லிஸ்பனில் டிராம் ஏறப் போய்ப் பாருங்கள். வரிசை என்றால் ஒருவன் முதுகுக்குப் பின்னால் இன்னொருவன், அவ்வளவுதான் சங்கதி. நாற்பது வருஷம் தக்கை மரத்தில் பட்டை உரித்த எனக்கே அது தெரியும். படித்தவர்களுக்குத் தெரியவில்லை. வரிசையில் நிற்கும்போதே கையை நீட்டித் தன் மூஞ்சியைத் தானே படம் பிடிக்கிறார்கள். வண்டி வந்தால் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு படம் பிடிக்கிறார்கள். அப்படி நாலு பேர்தான் அன்றைக்கு எனக்கும் என் பெண்சாதிக்கும் நடுவில் வந்து நின்றார்கள்.

என் பெண்சாதி கிராசின்டா. கல்யாணமாகி நாற்பத்தாறு வருஷம். நாங்கள் லிஸ்பனுக்கு வந்ததெல்லாம் அவளுடைய சர்க்கரை வியாதிக்காகத்தான். பஸ்ஸை விட்டு இறங்கினால் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியை விட்டால் பஸ். "உடம்பு நல்லா இருக்கற ஒரு நாளுல அந்த ஊரைப் பாத்துடணும்யா" என்று மூன்று வருஷமாக நச்சரித்தாள். போகட்டும் என்று ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்பினோம்.

அந்த ஊரில் பை வைத்திருக்கிறவனைவிடப் பையைப் பார்க்கிறவன் அதிகம். அதனால் பஸ்ஸிலிருந்து இறங்கினதும் அவளுடைய போன், பர்ஸ், அடையாள அட்டை எல்லாவற்றையும் வாங்கி என் கோட்டு உள்பையில் போட்டு ஊக்கு குத்திவிட்டேன். சாப்பாட்டுப் பையும் என் தோளில்தான்.

"நான் என்ன சின்னக் குழந்தையா?" என்றாள்.

"குழந்தைன்னா தேவலை, யாராவது தொட்டா அழும். நீ திருடன்கிட்டயே ஊர் விசேஷம் பேசிக்கிட்டு நிப்ப."

காலையில் ஆற்றங்கரையைப் பார்த்தோம். பெரிய சதுக்கத்தைப் பார்த்தோம். ஒரு குதிரைச் சிலை இருந்தது, குதிரை பரவாயில்லை. பிறகு மஞ்சள் டிராமுக்காக ஒரு மணி நேரம் வரிசை. அவள் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. பக்கத்துக் காபிக் கடைக்குள் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தாள். ஊசி போட்டால் உடனே சாப்பிட்டாக வேண்டும். நான் பையைத் திறக்கப் போனேன், டிராம் வந்துவிட்டது.

"இதை விட்டா இன்னொரு மணி நேரம் நிக்கணும். ஏறு, உக்காந்து சாப்பிடலாம்" என்றேன். சொன்னது நான்தான்.

அவள் ஏறினாள். நாலு பேர் நடுவில் புகுந்தார்கள். ஓட்டுநர் கையைக் காட்டி, நிறைந்துவிட்டது என்று கதவைச் சாத்தினான். நான் தகரத்தில் ஓங்கித் தட்டினேன். பின் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்தாள், நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பாள். வண்டி மூலை திரும்பிவிட்டது.

போன வருஷம் ஒலிவக் காய் பறிக்கும்போது சர்க்கரை இறங்கி மரத்தடியில் சரிந்தவள் அவள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் எழுந்திருக்க மாட்டாள் என்று டாக்டர் சொன்னார். இப்போது உடம்புக்குள் ஊசி மருந்து. கையில் ஒரு துண்டு ரொட்டி இல்லை, போன் இல்லை. எல்லாம் என்னிடம்.

அங்கே வெளியூர்க்காரர்களைச் சுற்றிக் காட்டுகிற ஆட்டோ ஒன்று நின்றது. ஓட்டுகிறவள் பச்சைத் தொப்பி போட்ட ஒரு பெண்.

"என்ன தாத்தா, வண்டியை விட்டுட்டீங்களா?"

"வண்டியை விடல. பெண்சாதியை விட்டுட்டேன்."

"அதுக்கா இப்படி மூஞ்சிய வச்சிருக்கீங்க? எங்க தாத்தாவா இருந்தா விருந்து வச்சிருப்பார்."

ஊசி விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரிப்பு நின்றது. "ஏறுங்க" என்றாள். லிஸ்பனில் ஒருத்தர் உடனே ஏறு என்றால் பையைத் தடவிப் பார்க்க வேண்டும். தடவிப் பார்த்துக்கொண்டே ஏறினேன்.

கொஞ்ச தூரத்தில் அவள் தண்டவாளத்தை விட்டு வேறு பக்கம் திருப்பினாள்.

"ஏய் பொண்ணே, டிராம் அந்தப் பக்கம் போச்சு!"

"டிராம் மலையைச் சுத்தி ஆடி அசைஞ்சு வரும் தாத்தா. நாம நேரா கீழ போய் மறிச்சு நிப்போம்."

என்னைச் சந்துக்குள் கொண்டுபோய் உருவப் போகிறாள் என்றே நினைத்தேன். உருவவில்லை. கீழே கடைத்தெருவில், தண்டவாளம் வந்து இறங்குகிற இடத்தில் நிறுத்தினாள். நின்றோம். கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை.

டிராம் வந்தது. அதே ஓட்டுநர். ஏறி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தேன். கிராசின்டா இல்லை.

"தலையில நீலத் துண்டு கட்டின ஒரு அம்மா. எங்க இறங்கினா?"

"பெரியவரே, ஒரு நடைக்கு எழுபது பேர் ஏறி இறங்கறான். நான் முன்னால பாக்கறதா, பின்னால பாக்கறதா?"

கீழே இறங்கினேன். அந்தப் பெண் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தாள். "எந்த இடத்துக்கு வரச் சொல்ல தாத்தா?" என்று கேட்டாள். அதுதானே எனக்குத் தெரியவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு பொருள் காணாமல் போனால் நான் தேடுவேன். கிராசின்டா தேட மாட்டாள். ஆடு தொலையட்டும், அரிவாள் தொலையட்டும், நின்ற இடத்தில் நின்று அந்தோணியார் ஜெபத்தைச் சொல்லுவாள். தடங்கல் இல்லாமல் சொல்லி முடித்தால் பொருள் கிடைக்கும். நாக்கு இடறினால் மறுபடி முதலிலிருந்து. நான் கட்டிலுக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருப்பேன், அவள் முணுமுணுத்துக்கொண்டிருப்பாள். பொருள் கிடைத்தால் பெயர் அந்தோணியாருக்கு.

இன்றைக்கு என்ன தொலைந்தது? அவளைக் கேட்டால், தான் தொலைந்ததாகச் சொல்ல மாட்டாள். அவள் டிராமுக்குள் ஒழுங்காகத்தான் இருந்தாள். தொலைந்தவன் நான்.

"அந்தோணியார் கோயில் எங்க?"

"மேல, கத்தீட்ரலுக்குப் பக்கத்துல. டிராம் வாசல் வழியாத்தான் வரும்."

"வண்டியை விடு!"

கோயில் படியில் உட்கார்ந்திருந்தாள். முகம் மெழுகு மாதிரி. மேலுதட்டில் வேர்வை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. மடியில் கைக்குட்டை, கைக்குட்டைக்குள் உள்ளங்கை அளவுக்கு ஒரு ரொட்டி. முழு ரொட்டி!

"அடியே, ரொட்டியைக் கையில வச்சிக்கிட்டு ஏன்டி சாகற? தின்னு!"

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "ஐயோ, அது... செவ்வாக்கிழம ரொட்டி" என்றாள். வார்த்தை வழுக்கிக்கொண்டு வந்தது. "கோயில்ல மந்திரிச்சுக் குடுத்தது. வீட்டுல... மாவு டப்பாவுல வைக்கணும். வருஷம் பூரா ரொட்டிக்குக் குறை வராது."

"நீ போயிட்டா அந்த மாவை யாரு பிசையறது?"

பையைக் கவிழ்த்தேன். முட்டை உருண்டு படியில் ஓடியது. இதற்கென்றே வைத்திருக்கும் பழ அல்வாவைப் பிய்த்து வாயில் திணித்தேன். ஆட்டோக்காரப் பெண் ஓடிப்போய் எங்கிருந்தோ ஒரு இனிப்புத் தண்ணீர் பாட்டில் கொண்டுவந்தாள். குடிக்க வைத்தோம். பிறகு ரொட்டியும் சீஸும். என் கையிலிருந்ததைத்தான் தின்றாள், மடியிலிருந்ததைத் தொடவில்லை.

கால் மணி நேரத்தில் கன்னத்தில் ரத்தம் வந்தது. முழுசாக நிமிர்ந்து உட்கார்ந்து, "அறிவு கெட்ட மனுசா, சாப்பாட்டுப் பையோட எங்க ஊர் சுத்தின? இந்தப் பொண்ணோட ஆட்டோவுல உலாத்திக்கிட்டு வர்ற!" என்று ஆரம்பித்தாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. திட்டட்டும், சாயங்காலம் வரைக்கும் திட்டட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். உருண்டு ஓடின முட்டையைத் தேடி எடுத்து உரித்தேன். பாதி முட்டையை ஓட்டோடு தின்றிருப்பேன்.

"உன்னைக் கொண்டாந்து சேத்தது அந்தோணியார்தான்" என்றாள். "மொதல் தடவை சொன்னேன், நாக்கு இடறிச்சு. ரெண்டாந்தடவையும் இடறிச்சு. மூணாந்தடவை தண்ணி மாதிரி வந்துச்சு. முடிச்சுட்டுக் கண்ணைத் தொறந்தா, நீ."

"சர்க்கரை எறங்கினா நாக்கு இடறாம என்ன செய்யும்?"

"அப்போ மூணாந்தடவை இன்னும் எறங்கித்தானே இருந்துச்சு? ஏன் இடறல?"

ஒரு தடவை நாக்கு இடறவில்லை என்பதற்காக அவள் சொல்வது சரியாகிவிடுமா?

கோயில் வாசலில் ரொட்டிக் கூடையோடு ஒரு அம்மாள் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "உள்ள வந்து ஒரு நன்றி சொல்லிட்டுப் போங்க ஐயா" என்றாள். "தொலைஞ்சு கிடைச்சவங்க எத்தனை பேர் இங்க வர்றாங்க தெரியுமா?"

"கிடைக்காதவங்க எத்தனை பேரு?" என்றேன். "அவங்க நன்றி சொல்ல வர மாட்டாங்களே."

"அவங்க மறுபடி கேக்க வருவாங்க" என்று சிரித்தாள்.

கிராசின்டா உள்ளே போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள். நான் படியிலேயே நின்றேன். ஆட்டோக்காரப் பெண் போகும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். உடனே பையைத் தடவினேன். எல்லாம் இருந்தது.

"உள்ள பாத்துத் தலையையாவது ஒரு தடவை ஆட்டேன்யா."

"கழுத்து வலிக்குது."

அவள் கையை என் கைக்குள் இறுக்கிக்கொண்டு சரிவில் இறங்கினேன். மறித்து நிற்க வழி சொன்னது அந்தப் பெண், கோயிலை நினைத்தது என் மண்டை. இதில் அந்தோணியார் என்ன செய்தார் என்று கேட்டேன். உன் மண்டையில் நினைக்க வைத்தது யார் என்று அவள் கேட்டாள். நான் நிற்கவில்லை, கோயிலைத் திரும்பியும் பார்க்கவில்லை.